ஒற்றைத் தண்டவாளமும் பிரிபடாக் கட்டளையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குப் புகையிரதப் பாதை உயிர்நாடியாய் அமைந்தது என்பது மிகையன்று. 1867இல் கண்டியை எட்டிய பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பதுளைக்குச் செல்ல 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கென எண்ணப்பட்ட இப்பாதை ஹற்றனை நெருங்குங்கால், 1869இல் தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பற்றத் தொடங்கியிருந்தது. ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா என ஏறி, பட்டிப்பொலையில் 6,226 அடி உயரத்தைத் தொட்டு, அப்பால் ஊவாவிற்குள் இறங்கும் இப்பாதையைப் பற்றிப் பயணிகள் எழுதியவை பல. அவை பெரும்பாலும் அருவிகளைப் பற்றியன, மூடுபனியைப் பற்றியன. அப்பாதையின் மிக முக்கியமான இயல்பொன்று அவற்றிற் பெரிதும் பேசப்படவில்லை. அஃதாவது, ரம்புக்கனைக்கு அப்பால் பதுளை வரை அது ஒற்றைப் பாதை. மேலேறும் வண்டிக்கும் கீழிறங்கும் வண்டிக்கும் தண்டவாளம் ஒன்றே.

ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் உண்டு. அதனுள் இரு வண்டிகள் எதிரெதிரே புகின் விளைவது யாதென விளக்க வேண்டுவதில்லை. அதைத் தடுத்து வந்தது உலோக வட்டத்தட்டு ஒன்று. 'டப்லெட்' எனப் புகையிரத ஊழியர் வழங்கும் அத்தட்டு, தோற்பைக்குள் இட்டுப் பெரிய வளையமொன்றிற் பிணைக்கப்பட்டு, வண்டி நிலையத்தைக் கடக்கும்போது கைமாற்றப்படும். அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்குரிய தட்டைக் கையிற் பெறாத சாரதி வண்டியை அப்பாதையிற் செலுத்தலாகாது. இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் மலைநாட்டுப் பாதையில் இக்காட்சியைக் காணக்கூடியதாயிருந்தது. அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அதனைப் பழமையின் எச்சமெனக் கருதிப் படம் பிடித்துச் செல்வர். ஆயின், அவர்கள் கையிலிருந்த படக்கருவியுள்ளே, ஒரு நொடிக்குள் எண்ணிறந்த தடவை, அதே தட்டு வேறொரு வடிவில் கைமாறிக்கொண்டிருந்தது. அவ்வடிவம் பிறந்து வளர்ந்த வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

இத்தட்டு தோன்றியமைக்குக் காரணம் ஒரு விபத்து. 1874 செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையில் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். விரைவு வண்டி தாமதித்தது. ஆதலின் பிரண்டல் நிலையத்திற் காத்துநின்ற தபால் வண்டியை முன்னே வரவிடலாம் என்னும் செய்தி தந்தியில் அனுப்பப்பட்டது. அச்செய்தி அனுப்பப்பட்டுவிட்டதை அறியாத மேற்பார்வையாளர், அதற்குள் வந்து சேர்ந்த விரைவு வண்டியை நோர்விச்சிலிருந்து புறப்பட அனுமதித்தார். பிழையை உணர்ந்து மறு தந்தி கொடுக்கப்பட்டபோது, தபால் வண்டி புறப்பட்டாயிற்று என்னும் மறுமொழியே கிட்டியது. இரு வண்டிகளையும் மீட்டழைக்க வழி யாதும் இருந்திலது.

அன்றிரவு நோர்விச்சிலும் பிரண்டலிலும் பாதை வெறுமையாகவே இருந்தது. இரு நிலையத்தாரும் கண்டது உண்மையே. 'பாதை வெறிதாயுள்ளது' எனக் காண்டலும், 'இனி அது என்னுடையது' எனக் கொள்ளுதலும் இருவேறு செயல்களாய்ப் பிரிந்து நின்றமையே கேட்டிற்கு வித்து. அவ்விரண்டிற்கும் இடையே இருந்த சிறு இடைவெளியில் மற்றொருவர் அதே உண்மையைக் கண்டு அதே முடிபிற்கு வந்தார்.

எட்வேட் டையர் என்பார் 1878இல் உரிமம் பெற்ற மின்கருவி இவ்விடைவெளியை ஒழித்தது. பாதைப் பகுதியொன்றின் இரு முனை நிலையங்களிலும் இரு கருவிகள். அவற்றை இணைக்கும் மின்கம்பி. ஒரு முனையிலுள்ளவர் தட்டை எடுக்க வேண்டின் மறுமுனையிலுள்ளவர் இசைந்து விடுவித்தல் வேண்டும். ஒரு தட்டு வெளிவந்த அக்கணமே இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அத்தட்டு எந்த முனையிலேனும் திரும்ப இடப்படும்வரை இரண்டாவது தட்டு வெளிவராது. காண்டலும் கொள்ளுதலும் ஒரே அசைவாயின. அயற்பகுதியின் தட்டு இக்கருவியுட் புகாதவாறு வெட்டுக்களும் வேறுபடுத்தி அமைக்கப்பட்டன. இந்த இறுதிச் செய்தி சிறிதெனத் தோன்றினும் பின்னர் வேண்டப்படும்.

இனி, கணினிக்கு வருவோமாயின், அங்கும் இதே இடர்ப்பாட்டைக் காணலாம். தேயிலைத் தோட்டத்தில் அந்தியிற் கொழுந்து நிறுக்குமிடத்தை எண்ணிப் பார்த்தல் தகும். கணக்கேட்டில் மொத்தம் 500 கிலோ என்றிருக்கிறது. இரு கணக்கப்பிள்ளைமார் ஒரே வேளையில் அதனைப் பார்க்கின்றனர். ஒருவர் 18 கிலோவைக் கூட்டி 518 என எழுதுகிறார். மற்றவர் 22 கிலோவைக் கூட்டி அதன் மேலேயே 522 என எழுதுகிறார். ஏட்டில் எஞ்சுவது 522, இருக்கவேண்டியது 540. இருவர் கூட்டலிலும் பிழையில்லை. எனினும் ஒருத்தியின் பகலுழைப்பு ஏட்டிலிருந்து மறைந்துவிட்டது. கணினியின் செயலி நினைவகத்திலுள்ள எண்ணொன்றைக் கூட்டுங்காலும் இவ்வாறே படித்தல், கூட்டுதல், எழுதுதல் என மூன்று படிகள் உள்ளன. இரு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிரின், அல்லது ஒரே செயலி இரு பணிகளை மாறிமாறிச் செய்யின், அம்மூன்று படிகளிடையே மற்றையது புகுந்துவிடல் கூடும். இம்மூன்றையும் இடையில் எவரும் புகவொண்ணாதபடி ஒன்றாக்கும் கட்டளையே பிரிபடாக் கட்டளை. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'அற்றோமிக்' என்னும் அடைமொழி, பிளக்க முடியாதது என்னும் பழைய கிரேக்கப் பொருளில் வந்தது. அணுவாயுதத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை.

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களின் முற்பகுதியில் இவ்விடர்ப்பாட்டை முறையாக ஆராய்ந்தார். சிறப்புக் கட்டளை யாதுமின்றி, சாதாரணப் படித்தலும் எழுதுதலும் கொண்டே இருவர் மோதாது செல்ல வழியுண்டு என்பதை அவர் நாட்டவரான தெக்கர் காட்டியிருந்தார். எனினும் அவ்வழி நெடியது, நுட்பமானது. டைக்ஸ்ட்ரா தாம் வகுத்த எளிய கருவிக்குச் சூட்டிய பெயர் 'செமபோர்'. அது புகையிரதப் பாதையிற் கையை உயர்த்தித் தாழ்த்தும் சமிக்ஞைக் கம்பத்தின் பெயர் என்பதை நோக்கின், புகையிரதத்திலிருந்து கணினிக்குச் சென்ற இவ்வுறவு பிற்காலத்தார் கற்பித்த உவமையன்று எனத் தெளியலாம்.

வன்பொருளில் முதலிற் பரவியது 'ரெஸ்ற் அன்ட் செற்' என்னும் கட்டளை. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணினியில் அது இடம்பெற்றது. இடமொன்றின் நிலையைச் சோதித்து, அக்கணமே அதனைப் 'பிடிபட்டது' எனக் குறித்துவிடும் கட்டளை அது, டையரின் தட்டேதான். பின்வந்த சிஸ்டம்/370 குடும்பம் 'ஒப்பிட்டு மாற்று' என்னும் கட்டளையைச் சேர்த்தது. 'நான் முன்னர்க் கண்ட 500 இன்னமும் ஏட்டில் இருந்தால் மட்டும் 518 என எழுதுக. இல்லையேல் எழுதாது எனக்குத் தெரிவிக்க' என்பது அதன் பொருள். கணக்கப்பிள்ளை தோல்வியுற்றால் புதிய மொத்தத்தைப் பார்த்து மறுபடி முயல்வார். எவரையும் பூட்டி நிறுத்த வேண்டுவதில்லை. மொறிஸ் ஹெர்லிஹி 1991இல் வெளியிட்ட ஆய்வு, ரெஸ்ற் அன்ட் செற் கொண்டு காத்திருப்பின்றி ஒருமுடிபு எட்டக்கூடியவர் இருவரே என்றும், ஒப்பிட்டு மாற்றுதலுக்கு அத்தகைய எல்லை இல்லை என்றும் நிறுவியது. அதன்பின் செயலி செய்வோர் எவரும் இக்கட்டளையைப் புறக்கணிப்பது அரிதாயிற்று.

ஆயின் எல்லோரும் ஒருங்கே ஒரே வழியிற் சென்றாரல்லர். இன்டெல் நிறுவனத்தின் 80386 செயலியில் இரு பெறுமதிகளைப் பிரிபடாது இடம்மாற்றும் கட்டளை இருந்தது. ஒப்பிட்டு மாற்றும் கட்டளை 1989இல் வந்த 80486இலேயே சேர்ந்தது. எட்டு பைற்று அளவில் அதனைச் செய்யும் ஆற்றல் 1993இல் பென்ரியத்துடன் வந்தது. 64 பிற்றுச் செயலிகளுள் முதலில் வந்த சிலவற்றிற் பதினாறு பைற்றுக் கட்டளை இருக்கவில்லை. ஸ்பார்க் செயலியின் எட்டாம் பதிப்பில் இல்லாதது ஒன்பதாம் பதிப்பில் உண்டு. எச்.பி. நிறுவனத்தின் பி.ஏ.-ரிஸ்க் ஒரு சொல்லைப் படித்துச் சுழியாக்கும் கட்டளை ஒன்றையே தந்தது. மிப்ஸ், அல்பா, பவர்பிசி ஆகியன வேறொரு நெறியைக் கைக்கொண்டன. குறித்து வைத்துப் படித்தல், இடையில் எவரும் தொடாதிருப்பின் மட்டும் எழுதுதல் என அதனை இரு கட்டளையாகப் பகுத்தன. ஆம் செயலி தன் ஆறாம் பதிப்பில் அந்நெறிக்கு வந்து, 2014இல் அறிவிக்கப்பட்ட 8.1 பதிப்பில் ஒப்பிட்டு மாற்றும் தனிக்கட்டளைகளையும் ஏற்றது. பூட்டும் கட்டளைகளில் அபாயமும் உண்டு. 1997இல் பென்ரியத்தில் அறியப்பட்ட பிழையொன்று, அக்கட்டளையின் முறையற்ற வடிவம் ஒன்றால் கணினி முழுவதையும் உறையச் செய்தது. தட்டைத் திரும்ப இடாது தன் பையிலேயே கொண்டுபோன சாரதியைப் போல, செயலி வழியைப் பூட்டிவிட்டு விடுவிக்க மறந்தது.

இங்கேதான் முறைமை நூலகங்களின் வரலாறு தொடங்குகிறது. நிரலொன்று ஒரு தடவை தொகுக்கப்பட்டுப் பல்லாயிரம் கணினிகளுக்குச் செல்கிறது. அவற்றுட் சில பழையன, சில புதியன. பழைய செயலிக்கெனத் தொகுத்தாற் புதியதன் ஆற்றல் வீணாகும். புதியதற்கெனத் தொகுத்தாற் பழையது அறியாத கட்டளையைக் கண்டு நின்றுவிடும். எந்தக் கட்டளையைப் பயன்படுத்துவது என முடிவு செய்ய வேண்டியவர் யார்? நிரல் எழுதியவரோ, தொகுப்பியோ, பணிசெயல் முறைமையின் கருவோ, அன்றி நிரல் தொடங்கும் கணத்தில் அதனை நூலகங்களோடு பொருத்தும் இயங்குநிலை இணைப்பியோ?

இவ்வினாவைப் புறக்கணித்ததன் பயனை டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகத்தார் அனுபவித்தனர். சி++ மொழியின் நூலகத்தில் எழுத்துத்தொடர்களை எத்தனை பேர் பகிர்ந்து வைத்துள்ளனர் என்னும் எண்ணிக்கை உண்டு. அவ்வெண்ணிக்கையைப் பிரிபடாது கூட்டவும் குறைக்கவும் வேண்டும். 486 செயலியில் அதற்குத் தனிக்கட்டளை இருந்தது. 386இல் இல்லாமையால் ஒரு பூட்டை முதலிற் பிடித்து, பின்னர்ச் சாதாரணமாய்க் கூட்டி, பூட்டை விடுவிக்கும் முறை கையாளப்பட்டது. இரு முறைகளும் தம்மளவிற் சரியானவையே. ஆயின் இக்குறிமுறை நூலகத்துள்ளே அடைபட்டிராமல், தலைப்புக் கோப்பின் வழியே ஒவ்வொரு நிரலுக்குள்ளும் நேரடியாகப் படியெடுக்கப்பட்டது. ஆதலால் ஒரே கணினியில், 386 முறையில் தொகுத்த நிரற்பகுதியும் 486 முறையில் தொகுத்த நூலகமும் ஒரே எண்ணிக்கையைத் தொட நேரும். ஒன்று பூட்டை மதிக்கும். மற்றையது பூட்டென்று ஒன்று இருப்பதையே அறியாது.

ஒரே பாதைப் பகுதிக்கு, ஒன்றையொன்று அறியாத இருவகைத் தட்டுக் கருவிகளை அமைத்தால் நிகழ்வது இதுவேயாம். ஹற்றன் நிலைய அதிபர் தம் தட்டை முறையாகப் பெற்று வண்டியை அனுப்புவார். கொட்டகலை நிலைய அதிபரும் வேறொரு தட்டை முறையாகவே பெற்று அனுப்புவார். விதியை மீறியவர் எவருமில்லை. எனினும் சிங்கமலைச் சுரங்கம் இருவருக்கும் பொது.

நூலகத்தை மாற்றிவைத்து இதனைச் சரிசெய்ய முடியாமற் போயிற்று. ஏனெனில், தவறு நூலகத்தில் இருக்கவில்லை, நிரல்களுக்குள்ளே பரவிக் கிடந்தது. டெபியன் விநியோகத்தார் 2005இல் வெளியிட்ட 'சார்ஜ்' பதிப்பில் 386 செயலிக்கான ஆதரவைக் கைவிட்டனர். சி++ தொகுப்பியின் இவ்விடைமுகப் பிழையே அதற்கு முதற் காரணம் என அவர்தம் நிறுவல் கைந்நூல் வெளிப்படையாகவே கூறியது. பல்லாண்டு உழைத்த பொறிகள் பல, வேகக்குறைவினாலன்றிக் கூட்டல் ஒன்றின் நுட்பத்தினால் ஒதுக்கப்பட்டன. பணம் படைத்த நாடுகளில் இது பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். பிறர் கழித்த கணினி பாடசாலைக்குக் கொடையாக வந்துசேரும் நாடுகளில் அது வேறு செய்தி.

இதற்குப் பின்வந்த முயற்சிகள் யாவும், முடிவை ஓரிடத்தில் வைத்தல் வேண்டும் என்னும் உணர்வின் பயனே. லினக்ஸ் கருவினர் 2005 அளவில் ஆம் செயலிக்கென ஓர் ஏற்பாடு செய்தனர்: நினைவகத்தின் உச்சியில் மாறா முகவரியொன்றில் ஒப்பிட்டு மாற்றும் சிறு பணிமுறையைக் கருவே வைத்துவிடும், நிரல் அதனை அழைத்தாற் போதும். பழைய செயலியில் அது ஒரு விதமாகவும் புதியதில் வேறு விதமாகவும் இயங்கும். நிரல் அதனை அறிய வேண்டுவதில்லை. பின்னர், நிரல் தொடங்கும்போது செயலியின் ஆற்றல்களைப் பட்டியலாக்கிக் கரு ஒப்படைக்க, இயங்குநிலை இணைப்பி அதனைப் பார்த்துத் தக்க வடிவத்தைப் பொருத்தும் முறை வலுப்பெற்றது. 2009 அளவில் குனூ கருவிகளில் வந்த மறைமுகச் செயற்கூறு இவ்வகையது. ஒரு பெயரின் கீழ்ப் பல வடிவங்கள் இருக்க, தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டு, தக்கதற்கு மட்டும் வழி திறக்கப்படும். பதினாறு பைற்றுப் பிரிபடாச் செயல்களைத் தரும் 'லிப்அற்றோமிக்' நூலகம் இதனைப் பயன்படுத்துகிறது. அத்தகைய செயல்களை நூலகமே செய்க, நிரலுக்குட் படியெடுத்தல் வேண்டா என்னும் கண்டிப்பின் காரணம் டெபியன் கதையை அறிந்தவர்க்கு விளங்கும். ஒருவர் நேர்க்கட்டளையும் மற்றவர் பூட்டும் கைக்கொள்ளின் பழைய விபத்தே மீளும்.

2020இல் வந்த ஜி.சி.சி. தொகுப்பியின் பத்தாம் பதிப்பு ஆம் செயலிக்கும் இந்நெறியை இயல்பாக்கியது. ஒவ்வொரு பிரிபடாச் செயலும் சிறு துணைமுறை ஒன்றை அழைக்கும், அது 8.1 பதிப்பின் கட்டளை உளதா எனப் பார்த்து, உளதேல் அதனையும் இலதேல் பழைய இருகட்டளை முறையையும் கையாளும். நேரடியாகச் செய்வதினும் சற்றுத் தாமதமே. ஆயினும், எண்ணற்ற செயலிகளைக் கொண்ட பெரும் சேவையகங்களிற் பழைய முறை நெரிசலிற் பன்மடங்கு தளர்வதால், அத்தாமதம் பொறுக்கத்தக்கதெனக் கொள்ளப்பட்டது.

ஒரே வண்டி மட்டும் ஓடும் கிளைப்பாதைக்குத் தட்டுக் கருவியே வேண்டா. ஒரு கோலைச் சாரதியிடம் கொடுத்துவிட்டாற் போதும் என்பது புகையிரதத்தார் பழவழக்கு. கணினியிலும் அதற்கு நிகர் உண்டு. 2006இல் லினக்ஸ் கரு, ஒற்றைச் செயலிக் கணினியிற் பூட்டு முன்னொட்டுகளைத் தொடக்கத்திலேயே வெற்றுக் கட்டளையாக்கிக்கொள்ளக் கற்றது. சி++ நூலகமும், இழைகளுக்குரிய நூலகம் நிரலோடு இணைக்கப்பட்டுளதா என நோக்கி, இல்லையெனின் பிரிபடாக் கட்டளையைத் தவிர்த்துச் சாதாரணமாகக் கூட்டிவந்தது. இது கூரிய உபாயமே. எனினும் 2021 ஓகத்தில் வெளிவந்த குனூ சி நூலகத்தின் 2.34 பதிப்பு இழை நூலகத்தைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டதால் அந்நோட்டம் பொருளிழந்தது. எல்லா நிரலும் இழையுடையதாகவே தோன்றிற்று. அதற்கு முன்பே, நிரல் உண்மையில் ஒற்றையிழையில் ஓடுகிறதா என்பதைக் கூறும் குறியொன்றை 2020இன் பதிப்பு தந்திருந்தமையால் இடர் நேரவில்லை.

இன்று இருவேறு கொள்கைகள் எதிர்நிற்கின்றன. ஒன்று, அடித்தளத்தை உயர்த்துதல். 2013இல் வந்த விண்டோஸ் 8.1இன் 64 பிற்று வடிவம் பதினாறு பைற்று ஒப்பிட்டு மாற்றும் கட்டளை இல்லாத செயலிகளை ஏற்க மறுத்தது. 2022இல் ரெட் ஹற் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஒன்பதாம் பதிப்பு, அக்கட்டளையை உள்ளடக்கிய 'இரண்டாம் நிலை'யையும், 2025இல் பத்தாம் பதிப்பு 'மூன்றாம் நிலை'யையும் கட்டாயமாக்கின. மற்றையது, 2021 பெப்ரவரியில் குனூ சி நூலகத்தின் 2.33 பதிப்பு வகுத்த வழி: ஒவ்வொரு நிலைக்கும் தனி உள்ளுறை, இயங்குநிலை இணைப்பி செயலியை நோக்கித் தக்க உள்ளுறையிலிருந்து நூலகத்தை எடுக்கும், எதுவும் பொருந்தாவிடின் பொது வடிவம் இருக்கவே இருக்கிறது. இதற்கு இடம் மிகுதியாக வேண்டும்; சோதிப்போர்க்கு உழைப்பும் இரட்டிக்கும். பெருநிறுவனங்கள் முதல் வழியை விரும்புவதன் காரணம் இவ்வுழைப்பே. பழைய பொறிகளை நம்பியிருப்போர் சார்பாக நோக்கின், இரண்டாம் வழியே நேர்மையானது என்பதில் ஐயமில்லை.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் தேயிலை 1883 முதல் கொழும்பு ஏலத்தில் விலைபோகிறது. நூற்றாண்டுக்கு மேலாக அவ்வேலம் மனிதர் கூடிய மண்டபத்தில், உரத்த குரலில் நடந்தது. இருவர் ஒருங்கே கூவின் யார் முந்தியவர் என்பதை ஏலங்கூறுவோர் செவி தீர்த்தது. 2020 ஏப்ரலில், கொரோனாப் பெருந்தொற்றின்போது, ஏலம் கணினிவழிக்கு மாறியது. இரு கேள்விகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், எது முந்தியது என்பது இப்போது சேவையகத்தினுள்ளே பிரிபடாக் கட்டளையொன்று வெற்றி பெறுவதையும் மற்றொன்று மறுபடி முயல்வதையும் பொறுத்தது. அக்கட்டளை எவ்வடிவினது என்பதை அங்கும் நூலகமும் இணைப்பியுமே தீர்மானிக்கின்றன.